நாலு விரற்கடைக் காகிதம்

மட்டுவார்குழலி இன்ஜினியரிங் வொர்க்ஸின் முதலாளிக்கு ஓடாமல் நிற்கும் இயந்திரத்தைக் கண்டால் ஆகாது. காலை ஒன்பதரைக்கு ஷாப்புக்குள் வருவார். எந்த லேத் நிற்கிறதோ அதன் பக்கத்தில் போய் அவரும் நின்றுகொள்வார். திட்டமாட்டார், கேள்வி கேட்கமாட்டார். துக்க வீட்டில் தலைமாட்டில் நிற்கிற சம்பந்தி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, லேத் ஓடத் தொடங்கும்வரை நிற்பார். அதனால் ஒன்பது இருபதுக்கே எல்லா லேத்தும் ஓட ஆரம்பித்துவிடும். பாதி லேத்தில் இரும்பே இருக்காது. "காத்தைக் கடையறோம்" என்பார்கள் தொழிலாளிகள். ஓடிய மணிநேரம் ஓர் அட்டையில் ஏறும். எந்த செக்‌ஷனின் அட்டையில் சதவீதம் அதிகமோ, அந்த செக்‌ஷனுக்குச் சித்திரை முதல் தேதியன்று சுழற்கேடயம். காற்று மிக நன்றாகக் கடையப்பட்ட வருஷங்களில்தான் சாமான்கள் மிகத் தாமதமாக வெளியே போயின என்பதைக் கேடயத்தோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

திருவெறும்பூரைத் தாண்டி, தஞ்சாவூர் ரோட்டில் இருந்த தொழிற்சாலை அது. சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு பிழியும் உருளைகளையும், உருளையைத் தாங்கும் ஷாஃப்டுகளையும் செய்தார்கள். எண்பத்துநாலாம் வருஷம் அங்கே கம்ப்யூட்டர் வந்தது. லண்டனில் ஏதோ ஒரு பேங்க் போதும் போதுமென்று கழித்துப் போட்ட மெஷின். மெட்ராஸ் துறைமுகத்தில் ஐந்து மாதம் கிடந்து, உப்புக்காற்று குடித்து, லாரியில் வந்து இறங்கியது. ஆயிரத்து நூறு தொழிலாளிகளுக்கும் ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்தார்கள். மெஷினுக்கு ஏ.சி. அறையும் இரட்டைக் கதவும் போட்டு, வாசலில் 'காலணிகளை இங்கே விடவும்' என்று எழுதி வைத்தார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லும் இடம் எதுவானாலும் நம்மவர்கள் மூளையையும் கூடவே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

அந்த அறைக்கு அதிபதி அமிர்தராஜ். கம்ப்யூட்டர் சென்டர் மேனேஜர். மான்செஸ்டரில் மூன்று வாரம் டிரெயினிங் போய் வந்தவர். அங்கே வாங்கிய மழைக்கோட்டு அவர் அறையில் ஆணியில் தொங்கும். திருச்சியில் வருஷத்துக்கு மழை பெய்கிற சொற்ப நாட்களிலும் அவர் குடை பிடித்துக்கொண்டுதான் வருவார். கோட்டு நனைந்துவிடும் அல்லவா.

மெஷினின் விசேஷம் இது. உள்ளே இருப்பது ஒரே மெஷின்தான். ஆனால் எட்டு மெஷின் இருப்பதாக எட்டு செக்‌ஷனையும் நம்பவைக்கும். சேல்ஸுக்கு ஒன்று, ஸ்டோர்ஸுக்கு ஒன்று, டைம் ஆபீஸுக்கு ஒன்று. வர்ச்சுவல் மெஷின் என்று பெயர். ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் இரண்டு மெகாபைட் மெமரி என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. எட்டு ரெண்டு பதினாறு. அந்த எட்டையும் சுமந்த ஒரே மெஷினில், அதாவது தாய் மெஷினில், நிஜமாக இருந்தது நாலு.

எட்டில் ஒரு மெஷின் பேட்ரிசியாவுடையது. கான்வென்டில் ஒன்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். மாலையில் கம்ப்யூட்டர் படித்து, பெர்மனன்ட் வேலையை விட்டுவிட்டு, இங்கே கான்ட்ராக்டில் சேர்ந்தாள். மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. எண்பத்தேழு மார்ச் முப்பத்தொன்றாம் தேதி கான்ட்ராக்ட் முடிகிறது; ஒன்று பெர்மனன்ட் ஆகவேண்டும், அல்லது மேலப்புதூர் வாடகை வீட்டில் உட்கார்ந்து ட்யூஷன் எடுக்கவேண்டும். கான்வென்டில் அவள் நாற்காலியில் மதர் சுப்பீரியரின் அண்ணன் மகள் அமர்ந்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது.

அவள் வேலை ஷாஃப்ட் கணக்கு. இத்தனை டன் அழுத்தத்துக்கு இத்தனை அங்குலம் விட்டமுள்ள ஷாஃப்ட் தாங்குமா, எத்தனை வருஷத்தில் எந்த இடத்தில் வெடிப்பு விடும் என்று அவள் புரோகிராம் இருபது நிமிஷத்தில் சொல்லிவிடும். கணக்கு முடிந்ததும் எடுத்த மெமரியை எல்லாம் தாய் மெஷினிடமே திருப்பிக் கொடுத்துவிடும்படி எழுதியிருந்தாள். பீரியட் முடிந்தால் போர்டை அழித்துவிட்டு வெளியே போகிற பழக்கம்.

டிராயிங் ஆபீஸ் நல்லதம்பிக்கு அவள்மேல் அபார நம்பிக்கை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வந்து நிற்பார்.

"டீச்சர், நம்ம பதினேழு இஞ்சு என்ன சொல்லுது?"

"பதினேழு பத்தாதுன்னு சொல்லுதுங்க. பதினேழரை போடுங்க."

"போட்டாச்சு." அப்படியே போய்ப் போட்டுவிடுவார். முன்பெல்லாம் அவர் மாமனார் காலத்து நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் விட்டம் குறிப்பார். அந்தக் காலத்தில் வருஷத்துக்கு இரண்டு ஷாஃப்டாவது ஆலையில் உடைந்து திரும்பி வரும். பேட்ரிசியா வந்த பிறகு ஒன்றும் வரவில்லை. உடையாத ஷாஃப்டுக்குக் கேடயம் கிடையாது.

தினமும் காலை ஒன்பது இருபதுக்கு மெஷின் ஒரு ரிப்போர்ட் அடிக்கும். எந்த செக்‌ஷன் எவ்வளவு மெமரி வைத்திருக்கிறது என்ற கணக்கு. அதை அமிர்தராஜ் சிவப்பு ஃபைலில் வைத்து முதலாளிக்கு அனுப்புவார். சிவப்பு ஃபைல் முதலாளியின் அப்பா காலத்து அளவு. கம்ப்யூட்டர் பேப்பர் அதைவிட நாலு விரற்கடை அகலம். அதனால் பியூன் தைரியராஜ் வலது ஓரத்தில் நாலு விரற்கடையைக் கத்தரிக்கோலால் நேர்த்தியாக வெட்டி எடுத்துவிட்டுத்தான் ஃபைலில் கோப்பார். வெட்டிய நறுக்குகள் வீணாகாது. நூலில் கட்டி டிராயிங் ஆபீஸுக்குக் கொடுப்பார். போன் வந்தால் பின்பக்கத்தில் குறித்துக்கொள்ள வசதி.

பொங்கல் கழிந்த வாரம் முதலாளி கம்ப்யூட்டர் சென்டருக்கே வந்துவிட்டார். வாசலில் ஷூவைக் கழற்றினார். வலது கால் சாக்ஸில் கட்டைவிரல் வெளியே வந்து அறையை ஒருமுறை பார்த்தது. நேராக பேட்ரிசியாவின் டெர்மினலுக்குப் பக்கத்தில் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"குட்மார்னிங் சார்."

அவர் திரையைப் பார்த்துத் தலையசைத்தார். திரையில் ஒன்றும் இல்லை. அன்றைய ஷாஃப்ட் ஒன்பது பத்துக்கே முடிந்திருந்தது. மூன்று நிமிஷம் ஆயிற்று. அவர் நகரவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் முந்தின நாள் ஷாஃப்டையே அவள் மறுபடி ஓடவிட்டாள். எண்கள் நகர ஆரம்பித்ததும் முதலாளியும் நகர்ந்தார்.

பத்து நிமிஷத்தில் அமிர்தராஜ் கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காருங்க, மிஸ் பேட்ரிசியா. இது என்னன்னு பாருங்க."

சிவப்பு ஃபைல். அவள் செக்‌ஷனுக்கு நேரே இருந்த எண்ணைச் சுற்றி முதலாளியின் பச்சை மை வட்டம்.

"ஒன்பது பர்சென்ட் சார்."

"சேல்ஸ் தொண்ணூத்தாறு. ஸ்டோர்ஸ் தொண்ணூத்தொண்ணு. டைம் ஆபீஸ்கூட எண்பத்தெட்டு. மொத்த மெஷினும் தொண்ணூத்தெட்டு. நாங்க மான்செஸ்டர்ல இருந்தப்பகூட இப்படி ஒரு யூட்டிலைசேஷன் பார்த்ததில்ல. நீங்க மட்டும் ஒன்பது."

"என் கணக்கு சீக்கிரம் முடிஞ்சிருது சார். முடிஞ்சதும் மெமரியத் திருப்பிக் குடுத்துடுவேன்."

"ஏன் குடுக்கறீங்க? யாராவது வந்து கேட்டாங்களா?"

"தேவையில்லாம எதுக்கு சார் வச்சுக்கணும்?"

அமிர்தராஜ் கண்ணாடியைக் கழற்றினார். அடுத்து வருவது தத்துவம் என்று அர்த்தம். "வச்சிருக்கறவங்களுக்குத்தான் இந்த உலகத்துல மரியாதை. மார்ச்சுல உங்களைப் பெர்மனன்ட் பண்ணணும்னா நான் நோட் போடணும். ஒன்பதை வச்சுக்கிட்டு என்னன்னு போடுவேன்? எழுபத்தஞ்சாவது காட்டுங்க. இல்லன்னா அந்த மெஷினை சேல்ஸுக்குக் குடுத்துடலாங்கறார் முதலாளி."

மெஷின் சேல்ஸுக்குப் போனால் அவளும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.  அமிர்தராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

தாய் மெஷினைக் கட்டி மேய்ப்பவர் சௌரிராஜன். ஸ்ரீரங்கம் கீழ உத்தர வீதியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். மெஷினை உண்மையாகவே புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான். அதனாலேயே மீட்டிங்குக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை. கேண்டீனில் பேட்ரிசியா அவரைப் பிடித்தாள்.

"சேல்ஸ் கியாசுதீன் நாலு லெட்டர் அடிக்கறார், பத்து அட்ரஸ் பார்க்கறார். அவருக்கு எப்படி சார் தொண்ணூத்தாறு?"

"ஸ்ரீரங்கம் போற ஒண்ணாம் நம்பர் பஸ்ஸுல ஏகாதசி சமயத்துல ஏறியிருக்கேளா, டீச்சர்?"

"ஏற முடிஞ்சாத்தானே."

"உள்ள பார்த்தா ஒரு மனுஷன் இருக்கமாட்டான். ஆனா சீட்டுக்குச் சீட்டு துண்டு, கூடை, தூக்குச்சட்டி. ஜன்னல் வழியா ஒரே சீட்டுல நாலு பேர் துண்டு போட்டுட்டுக் கீழ நின்னு வெத்தலை போட்டுண்டிருப்பான். துண்டை எண்ணினா நாப்பது சீட்டு பஸ்ஸுல நூத்தறுபது பேர். ஆளை எண்ணினா அஞ்சு." அவர் காபியை ஆற்றினார். "அந்த ரிப்போர்ட்ல ரெண்டு எண் இருக்கு. இடது பக்கம் இருக்கறது எடுத்தது. அது துண்டு. ஒருதரம் தொட்ட மெமரியெல்லாம், அவாளா விடற வரைக்கும், அவா பேர்லயேதான் இருக்கும். வலது பக்கம் இருக்கறது இப்போ தொட்டுண்டிருக்கறது. அது ஆள். கியாசுதீன் காலங்கார்த்தால அஞ்சு வருஷத்து அட்ரஸ் மொத்தத்தையும் ஒருதரம் இழுத்து விரிச்சுட்டு டீ குடிக்கப் போயிடறார்."

"மொத்தம் தொண்ணூத்தெட்டுங்கறாரே?"

"அது எப்பவும் தொண்ணூத்தெட்டுதான். ராத்திரி ஒருத்தரும் இல்லாதப்பவும் தொண்ணூத்தெட்டு. காலி சீட்டை வச்சுண்டு தாய் மெஷின் என்ன பண்ணப்போறது? யாராவது ஏறி வந்தா அப்போ பழைய துண்டை எடுத்து டிஸ்க்குல, அதான் பக்கத்துல நிக்கற அந்த அலமாரில, கடாசிட்டு இடம் குடுக்கும். அதனாலதான் நாலுல பதினாறு ஓடறது. எல்லாரும் துண்டு போடலாம், ஒரு குத்தமுமில்ல. எல்லாரும் ஒரே சமயத்துல ஏறி உக்காந்தாத்தான் ஆபத்து."

"என்ன ஆகும்?"

"உக்காந்தவனை எழுப்பி டிஸ்க்குக்கு அனுப்பணும். டிஸ்க்குல நிக்கறவனைக் கூட்டிண்டு வந்து உக்காத்தி வைக்கணும். அவன் உக்கார்றதுக்குள்ள மத்தவன் சண்டைக்கு வருவான். கண்டக்டருக்கு இதே வேலையாயிடும். பஸ் நகராது."

"அப்ப வலது பக்கத்து எண்ணைத்தானே முதலாளி பார்க்கணும்?"

"அந்த எண்ணோட பின்பக்கத்துலதான் நல்லதம்பி போன் நம்பர் குறிச்சு வச்சிருக்கார்" என்றார் சௌரிராஜன்.

பேட்ரிசியா டிராயிங் ஆபீஸுக்குப் போனாள். நல்லதம்பியின் மேஜையில் மூன்று மாதத்து நறுக்குகள் கட்டுக்கட்டாக இருந்தன. பின்பக்கங்களில் 'லாரி செட் - மதியம்', 'மச்சினன் போன் பண்ணினார்', 'குண்டூர் பார்ட்டி கத்துகிறார்' என்றெல்லாம் இருந்தது. முன்பக்கத்தில் எட்டு எண்கள். மூன்றாவது வரி சேல்ஸ். மூன்று மாதமும் அதில் இரண்டு, மூன்று, இரண்டு என்றுதான் இருந்தது. கடைசி வரி அவளுடையது. ஒன்பது. எட்டு செக்‌ஷனில் எடுத்ததை எல்லாம் உபயோகித்தது ஒருத்திதான்.

கட்டைத் தூக்கிக்கொண்டு போய் அமிர்தராஜின் மேஜையில் பரப்பினாள். சிவப்பு ஃபைலின் தாள்களோடு நறுக்குகளை ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டினாள். ஏழாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கிற பொறுமை. அமிர்தராஜ் முட்டாள் இல்லை. மூன்றாவது நறுக்கிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் முகம் அப்படிப் போயிற்று.

"கதவைச் சாத்துங்க" என்றார். "இதை வேற யார்கிட்ட காட்டினீங்க?"

"யாருகிட்டயும் இல்ல சார்."

"மூணு மாசமா நான் முதலாளிகிட்ட எண்ணிக் காட்டினது வெறும் துண்டுன்னு இப்பப் போய் சொல்லச் சொல்றீங்களா?"

"பேப்பரை மடிச்சு வச்சா முழுசும் ஃபைல்ல அடங்கிடுமே சார்."

"மடிச்ச பேப்பரை முதலாளி விரிக்கமாட்டார். அவங்க அப்பாவும் விரிச்சதில்ல." கொஞ்சநேரம் மழைக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் முகம் மெல்லத் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்து பேட்ரிசியா நிம்மதியடைந்தாள். அவள் வாழ்க்கையில் செய்த தவறுகளில் அது முக்கியமானது.

மறுநாள் எட்டு செக்‌ஷனுக்கும் சர்க்குலர் வந்தது. 'மான்செஸ்டர் முறைப்படி' மெமரி ரிப்போர்ட் மேலும் கடுமையாக்கப்படுகிறது. இனிமேல் எடுத்தது கணக்கில் வராது. தொடுவது மட்டுமே வரும். அதிலும் எழுபத்தைந்துக்குக் குறைந்தால் செக்‌ஷன் தலைவர் விளக்கம் எழுதவேண்டும். சர்க்குலரின் கீழே அமிர்தராஜின் கையெழுத்து வழக்கத்தைவிட ஒரு சுழி அதிகமாக இருந்தது. தைரியராஜ் வலது ஓரத்தை விட்டுவிட்டு இடது ஓரத்தில் நாலு விரற்கடை வெட்ட ஆரம்பித்தார். செக்‌ஷன் பெயர்கள் இடது ஓரத்தில் இருந்ததால் அவையும் போய்விட்டன. அவற்றை மட்டும் பேனாவால் எழுதிச் சேர்த்தார். சேல்ஸுக்கு எப்போதும் 'ஸேள்ஸ்' என்று எழுதினார்.

கியாசுதீனின் தொண்ணூற்றாறு ஒரே நாளில் மூன்று ஆயிற்று. மனிதர் நோன்பு வைத்தவர் போல் ஆகிவிட்டார்.

"டீச்சர், என்ன பண்ணி வச்சீங்க? இத்தனை நாள் உங்களுக்கு மட்டும் பிரச்சினை. இப்ப எட்டு பேருக்கும் பிரச்சினை."

"நிஜமா வேலை செய்யறவங்க யாருன்னு தெரியட்டும்னுதான் பாய்."

"நிஜமா வேலை செஞ்சா யாருக்கு எழுபத்தஞ்சு வரும், சொல்லுங்க? உங்களுக்கு வருதா?"

வரவில்லை. அவளுக்கு அப்போதும் ஒன்பதுதான். பிப்ரவரி முழுதும் ஒன்பது. அமிர்தராஜிடம் மறுபடி போய்க் கேட்டாள். "உங்க ஐடியாதானே, டீச்சர்" என்றார். முதன்முதலாக அவரும் டீச்சர் என்று கூப்பிட்டது அன்றுதான்.

மார்ச் முதல் வாரம். ஒன்பது இருபதுக்கு ஷாப்பில் எல்லா லேத்தும் ஒன்றாக ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. நல்லதம்பி ஏதோ விட்டம் கேட்டு வந்திருந்தார். ஜன்னலைக் காட்டிச் சொன்னார்: "கேக்குதுங்களா டீச்சர்? பாதிக்கு மேல காத்து. முதலாளி போனதும் நின்னுடும். எங்க பயலுவ இதுல கெட்டி. காத்தைக் கடைஞ்சாலும் லேத் தேயத்தான் செய்யும், அது வேற விஷயம்."

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவள் ஒன்பது வரியில் ஒரு புரோகிராம் எழுதினாள். இரண்டு மெகாபைட்டையும் தலையிலிருந்து கால்வரை ஒவ்வொரு இடமாகத் தொட்டு, பூஜ்ஜியம் எழுதும். கடைசிக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொட்டுப் பூஜ்ஜியம் எழுதும். வேறொன்றும் செய்யாது. நிறுத்தும்வரை நிற்காது. மூன்று வருஷத்தில் அவள் எழுதியதிலேயே பிழையில்லாமல் முதல் தடவையிலேயே ஓடிய புரோகிராம் அது ஒன்றுதான்.

மறுநாள் அவள் எண் தொண்ணூற்றேழு. முதலாளி பச்சை மையில் டிக் போட்டார்.

பதினோரு மணிக்கு கியாசுதீன் வந்தார். கையில் பிஸ்கட் பொட்டலம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர். நான் உங்க தம்பி மாதிரி."

கொடுத்தாள். புரோகிராமைக் கொடுக்காவிட்டால் அமிர்தராஜிடம் சொல்லிவிடுவார். மாலைக்குள் ஸ்டோர்ஸிலிருந்து ஆள் வந்தது. அடுத்த வாரம் எட்டு மெஷினிலும் அவள் புரோகிராம் ஓடியது. அவள் ஷாஃப்ட் கணக்கை மூன்று வருஷத்தில் ஒரு செக்‌ஷன்கூடக் கேட்டு வாங்கிக்கொண்டதில்லை.

அந்த வாரத்திலிருந்து டிஸ்க் அலமாரிகள் ஆட ஆரம்பித்தன. ஆளுயர அலமாரி நாலு. நாலும் மாவு மெஷின் மாதிரி நாள் முழுக்க அதிர்ந்தன. சௌரிராஜன் அவற்றின் காலடியில் அட்டை மடித்து வைத்தார். ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரையில் வர ஐந்து நிமிஷம் ஆயிற்று. டைம் ஆபீஸ்காரர்கள் பேசாமல் பழைய ரிஜிஸ்டரை எடுத்துத் தூசி தட்டினார்கள். ரிப்போர்ட் மட்டும் தவறாமல் வந்தது. அதன் அடியில் தாய் மெஷினின் மொத்தம், முந்நூற்று எண்பத்தெட்டு சதவீதம்.

"நூத்துக்கு மேல எப்படி வருது?" என்று முதலாளி ஒரே ஒரு தடவை கேட்டாராம்.

"நாலு மெகாபைட்ல பதினஞ்சரை மெகாபைட் வேலை வாங்கறோம் சார்" என்றாராம் அமிர்தராஜ்.

முதலாளி அந்த எண்ணைச் சுற்றிப் பச்சை வட்டம் போட்டாராம். பிறகு ஷாப் சூப்பரின்டென்டென்டைப் பார்த்து, "உங்க லேத்துல இது வருமா?" என்றாராம்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி பேட்ரிசியாவுக்கு ஆர்டர் வந்தது. பெர்மனன்ட். கான்ட்ராக்டில் இருந்தவரை அவள் கணக்குக்குக் கையெழுத்துப் போட்டவர் சௌரிராஜன். இனி அவளே போடலாம். 'கம்ப்யூட்டர் சரிபார்த்தது' என்ற ரப்பர் ஸ்டாம்பும் மைப்பெட்டியும் அவளுக்குத் தனியாகக் கொடுத்தார்கள். சித்திரை முதல் தேதி கேடயம் கம்ப்யூட்டர் சென்டருக்கு. அமிர்தராஜ் அன்றைக்கு, நூற்று நாலு டிகிரி வெயிலில், அந்த மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து வாங்கினார். கேடயத்தின் கீழே புதிதாக ஒரு பித்தளைத் தகடு அடித்தார்கள். முந்நூற்று எண்பத்தெட்டு என்று எண் முழுசாகப் பொறித்திருந்தது.

நாலாம் நாள் காலையில் நல்லதம்பி ஒரு டிராயிங்கோடு வந்தார். ஆந்திராவில் புது ஆலை. இதுவரை அவர்கள் செய்ததிலேயே பெரிய உருளை. பதினெட்டு அங்குலம் தாங்குமா என்று தெரியவேண்டும். பேட்ரிசியா பத்து மணிக்குக் கணக்கை ஓடவிட்டாள். இருபது நிமிஷம் ஆயிற்று. மதியம் ஆயிற்று. மூன்று மணிக்குக் கணக்கின் நூற்றில் நாலு பங்குகூட முடியவில்லை. தன் ஒன்பது வரிப் புரோகிராமை நிறுத்திப் பார்த்தாள். அலமாரிகள் ஆடுவது நிற்கவில்லை.

"உங்களோடதை நிறுத்தினா போறுமா? மிச்சம் ஏழு ஓடறதே" என்றார் சௌரிராஜன். "எல்லாம் நீங்க பெத்ததுதான்."

"நீங்க நிறுத்த முடியாதா சார், தாய் மெஷின்லேந்து?"

"அமிர்தராஜ் எழுத்துல குடுத்தா ஒரு செகண்டுல நிறுத்தறேன். கேட்டேன். கேடயம் வந்து நாலு நாள்தான் ஆச்சுங்கறார்."

அவளே படியேறி இறங்கினாள். கியாசுதீனிடம் நின்றாள்.

"ஒரு மணி நேரம் நிறுத்துங்க பாய். ஒரு கணக்கு முடியணும்."

"நான் நிறுத்தி, ஸ்டோர்ஸ் நிறுத்தலன்னா? நாளைக்கு ரிப்போர்ட்ல நான் மட்டும் மூணு காட்டுவேன். நீங்க பெர்மனன்ட் ஆயிட்டீங்க டீச்சர். எனக்குக் கன்ஃபர்மேஷன் ஜூன்ல."

ஸ்டோர்ஸில், நீங்கள் சேல்ஸை நிறுத்தச் சொல்லுங்கள் முதலில் என்றார்கள். ஐந்து மணிக்குத் திரும்பி வந்து, தன் புரோகிராமை மறுபடி ஓடவிட்டுவிட்டுக் கிளம்பினாள். காலை ஒன்பது இருபதுக்கு ரிப்போர்ட் அடிக்கும். கணக்கும் ஓடட்டும், ராத்திரிக்குள் எப்படியாவது முடியாதா என்று ஒரு நினைப்பு. ஒன்பது வருஷப் பழக்கத்தில் மாதாவிடம்கூட ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் தூங்கினாள்.

காலையில் நூற்றில் பதினொரு பங்கு முடிந்திருந்தது.

ஒன்பது நாற்பதுக்கு நல்லதம்பி ஓடி வந்தார். செருப்பைக் கழற்ற மறந்துவிட்டார்.

"டீச்சர், பெரிய லேத் நிக்குது. இரும்பை ஏத்தி வச்சாச்சு. இது காத்துல ஓட்டுற லேத் இல்ல, ஆளு கிட்ட நிக்கறதுக்கே பயப்படுவான். முதலாளி பத்து நிமிஷமா பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு நிக்கறாரு."

"இன்னும் முடியலைங்க."

"எப்ப முடியும்?"

இன்னும் எட்டு நாள் என்று கணக்கு மனதுக்குள் ஓடியது. அந்தக் கணக்கு மட்டும் உடனே வந்தது.

நல்லதம்பி மேஜைமேல் கிடந்த ஒரு நறுக்கை எடுத்தார். இடது ஓரத்து நறுக்கு. காதிலிருந்த பென்சிலால் பின்பக்கத்தில் எழுதினார். பதினெட்டு.

"மாமனார் நோட்டுல பதினேழேமுக்கால் இருக்கு. கால் இஞ்சு கூட்டியே போட்டுருக்கேன். தாங்கும். தாங்காம என்ன? இதுல ஒரு ஸ்டாம்பு வச்சுக் குடுங்க டீச்சர். ஸ்டாம்பு இல்லாம கடையக்கூடாதுன்னு நீங்கதானே ரூல் போடச் சொன்னீங்க."

உண்மைதான். இரண்டு வருஷத்துக்கு முன் சண்டை போட்டு அந்த விதியைக் கொண்டுவந்தவள் அவள்தான்.

"சௌரிராஜன் சார்கிட்ட—"

"அவர் கையெழுத்து இப்ப செல்லாதே. நீங்கதானே பெர்மனன்ட்." நல்லதம்பி குரலில் குத்தல் இல்லை. அவசரம்தான் இருந்தது. "அவரு அங்கேயே நிக்கறாரு டீச்சர். அடுத்து இங்க வந்து நிப்பாரு."

பேட்ரிசியா திரையைப் பார்த்தாள். பதினொன்று பன்னிரண்டாகவில்லை. அலமாரிகளின் அதிர்வில் மேஜை மேலிருந்த மைப்பெட்டியின் மூடி தானாகவே மெல்ல மெல்ல ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்துத் திறந்தாள். ஸ்டாம்பைப் பதித்தாள். 'கம்ப்யூட்டர் சரிபார்த்தது.' கீழே பெயரை முழுதாக எழுதினாள். கையெழுத்து டீச்சர் கையெழுத்து. ஒரு பிசிறு இல்லை.

நல்லதம்பி நறுக்கை வாங்கிக்கொண்டு ஓடினார். ஐந்து நிமிஷத்தில் பெரிய லேத் ஓடத் தொடங்கும் சத்தம், இரட்டைக் கதவையும் தாண்டி, உள்ளே வந்தது. காற்றைக் கடைந்தால் வருகிற சத்தம் அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும். இது அது இல்லை. நிஜ இரும்பு.